சீட்டுப் பிள்ளைகளின் பஸ்

அந்தப் பள்ளியின் வாசலில் வெள்ளை பஸ்கள் வரிசையாக நிற்கும். ஓரமாக, தள்ளி வைத்த மாதிரி, ஒரே ஒரு பச்சை பஸ் நிற்கும். வெள்ளை பஸ்ஸில் வருவது பீஸ் கட்டிப் படிக்கிற பிள்ளைகள். பச்சை பஸ்ஸில் வருவது சீட்டுப் பிள்ளைகள். கையில் காசில்லாத பெற்றோருக்கு அரசாங்கம் கல்விச் சீட்டு என்று ஒன்றைக் கொடுக்கிறதல்லவா, அதை நீட்டி இடம் வாங்கியவர்கள். அவர்களுக்கான பணத்தை அரசாங்கமே பள்ளிக்குக் கட்டிவிடும். ரயில் ரோட்டுக்குப் பின்னால், ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்று எங்கெங்கோ இருக்கிற அத்தனை சீட்டுப் பிள்ளைகளையும் ஒரே பஸ் ஊரைச் சுற்றி அள்ளிக்கொண்டு வரவேண்டும். அதே வழியில்தானே வெள்ளை பஸ் போகிறது, அதிலேயே ஏற்றிக்கொண்டால் என்ன என்று யாராவது கேட்டால் பள்ளியின் தாளாளர் சிரிப்பார். "பீஸ் கட்டுறவங்க ஒரு மாதிரி நெனப்பாங்க. நமக்கு எதுக்கு வம்பு" என்பார். அப்பேர்ப்பட்ட புண்ணியவான்.

பச்சை பஸ்ஸை ஓட்டியவள் ஒரு பெண். பள்ளி முழுக்க அவளை டிரைவரம்மா என்றுதான் கூப்பிடும். கை தேர்ந்த டிரைவர். அவள் ஹாரன் அடித்தால் லாரிக்காரனே ஒதுங்கிக்கொள்வான். போன வருஷம் வரைக்கும் அவள் இருக்கைக்கு நேர் பின்னால் அவளுடைய பெண் உட்கார்ந்து வந்தாள். சிட்டு என்று கூப்பிடுவார்கள். அதுவும் சீட்டுப் பிள்ளைதான். இப்போது அந்த இடத்தில் அதே தெருவைச் சேர்ந்த வாயாடி உட்கார்ந்து வருகிறாள். வாயாடி என்பது அந்தப் பெண்ணுக்குப் பிறந்த பேர் இல்லை, வாங்கிய பேர்.

சிட்டு ஏன் பஸ்ஸில் இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். சொல்லும்போதே வயிறு எரிகிறது.

வருஷத்தில் ஒரு நாள் எண்ணிக்கை நாள். கல்வி இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி வந்து, வகுப்பில் உட்கார்ந்திருக்கிற சீட்டுப் பிள்ளைகளைத் தலை எண்ணிவிட்டுப் போவார். அன்றைக்கு எத்தனை தலை இருக்கிறதோ அத்தனை தலைக்கும் வருஷம் முழுவதற்கும் பணம் வந்துவிடும். மறுநாளே ஒரு பிள்ளை போய்விட்டாலும் வந்த பணத்தைத் திருப்பித் தர வேண்டாம். இப்படிச் சட்டம் போட்டவனுக்கு மூளை இருந்ததா என்று கேட்காதீர்கள். சட்டம் போட்டவன் பிள்ளை வெள்ளை பஸ்ஸில் போகிறது.

சிட்டுவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும். எழுத்துகள் அவளுக்கு ஒன்றோடொன்று குழம்பும். வாயால் சொல்லிக்கொடுத்தால் போதும், அப்படியே பிடித்துக்கொள்வாள். ஆனால் பரீட்சையில் வாயாலா கேட்கிறார்கள்? போன எண்ணிக்கை நாள் முடிந்த அடுத்த வாரம் தாளாளர் டிரைவரம்மாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அதற்கு முன் அவள் அந்த அறைக்குள் காலை வைத்ததில்லை. ஏசி குளிரில் உடம்பு சிலிர்த்தது. உட்காரச் சொன்னார், குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். தண்ணீரை அவள் தொடவில்லை.

"பாப்பாவுக்கு இங்க மூச்சு முட்டுதும்மா" என்றார். "பெயில்னு எழுதி அனுப்பினா அது காலம் பூரா கூடவே வரும். எனக்கு அதுல இஷ்டமில்ல. நீங்களா விருப்பப்பட்டு வேற பள்ளிக்கூடத்துக்கு மாத்திக்கிட்டதா ஒரு கையெழுத்து போட்டுடுங்க. அவளுக்கும் கௌரவம், நமக்கும் கௌரவம்."

"சார், இன்னும் ஒரு வருஷம் பாருங்க சார். நான் கூட உக்காந்து படிக்க வைக்கிறேன் சார்."

"பஸ்ஸை யாரு ஓட்டுறது?" என்று சிரித்தார். வேலையையும் ஞாபகப்படுத்திவிட்டாராம், பேச்சோடு பேச்சாக.

அழுதாள், கெஞ்சினாள், கடைசியில் கையெழுத்துப் போட்டாள். வருஷத்தின் நடுவில் எந்தத் தனியார் பள்ளியில் சேர்ப்பார்கள்? சிட்டுவின் பேரில் வந்த வருஷப் பணம் பள்ளியிடமே தங்கிவிட்டது. பிள்ளை மட்டும் தெருக்கோடியில் இருக்கிற அரசுப் பள்ளிக்குப் போனாள். அங்கே ஒரு பெஞ்சில் உட்காரவேண்டிய இடத்தில் இரண்டு மடங்கு பிள்ளைகள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

அன்றிலிருந்து டிரைவரம்மாவுக்குத் தினம் ஒரே தண்டனைதான். விடிந்தால் ஊரார் பிள்ளைகளையெல்லாம் ஏற்றிக்கொண்டு, தன் பிள்ளையைத் துரத்திவிட்ட அதே கேட்டுக்குள் நுழைய வேண்டும். போகிற வழியில் சிட்டு பையைத் தூக்கிக்கொண்டு தெருவோரமாக நடந்து போவாள். பஸ்ஸைப் பார்த்துக் கை காட்டுவாள். மாலையில் வாயாடியைப் பிடித்து வைத்துக்கொண்டு, இன்றைக்கு என்ன பாடம், அறிவியல் டீச்சர் என்ன செய்து காட்டினார், தன் இடத்தில் யார் உட்காருகிறார்கள் என்று ஒன்று விடாமல் கேட்பாள். பிள்ளை ஏங்கிப்போய்க் கிடக்கிறதே என்று தாய்க்கு நெஞ்சு கொதிக்கும். அந்தக் கொதிப்பெல்லாம் ஒரே ஒரு ஆள் மேல்தான் போய் விழும்.

"விட்டுத்தள்ளு" என்பார் அவள் வீட்டுக்காரர். லாண்டரியில் இஸ்திரி போடுகிறவர். பிள்ளைப்பூச்சி. "அவங்க பெரிய எடம். நம்மால என்ன பண்ண முடியும்?"

"பண்ணுவேன்" என்பாள். "அந்த ஆளு வாயில மண்ணு விழுற மாதிரி ஒரு நாள் பண்ணுவேங்க. பாத்துக்கிட்டே இருங்க."

என்ன பண்ணுவாள் என்று அவளுக்கே தெரியாது. அவள் கையில் இருந்தது ஒரு பச்சை பஸ், அவ்வளவுதான். அந்த பஸ்ஸிலும் கண்ணெதிரே ஒரு அட்டை ஒட்டியிருந்தது. ஒரு தடவை அவள் வெள்ளை பஸ் ஒன்றை முந்திப் போய்விட்டாள். பீஸ் கட்டுகிறவர்கள் குதித்தார்கள். சீட்டு பஸ் எங்கள் பிள்ளைகள் பஸ்ஸை முந்துவதா? உடனே தாளாளர் டிரைவர் ஒழுங்குமுறைகள் என்று அச்சடித்து, பச்சை பஸ்ஸில் மட்டும், கண்ணாடிக்கு மேலே ஒட்ட வைத்தார். மெதுவாகப் போக வேண்டும், யாரையும் முந்தக்கூடாது, ஒவ்வொரு பிள்ளையும் பெல்ட் போட்ட பிறகே வண்டி நகர வேண்டும், ஓடும்போது போனைத் தொட்டால் வேலை போகும் என்று நீளமாகப் போகும். அவள் அதைத் திரும்பியே பார்த்ததில்லை. அதைப் பார்த்து ஓட்டினால் பள்ளிக்கூட மணிக்குப் போய்ச் சேர முடியாது என்பது தாளாளருக்கும் தெரியும்.

இப்படி இருக்கும்போதுதான் ஊர் மன்றத்தில் அந்தப் பொதுக்கூட்டம் வந்தது. கல்விச் சீட்டை இன்னும் நிறையப் பேருக்குக் கொடுப்பதா, பீஸ் கட்டுகிறவர்களுக்கு அந்தப் பணத்தை வரியில் கழித்துக் கொடுப்பதா, இல்லை இரண்டையும் நிறுத்திவிட்டு அரசுப் பள்ளிகளைச் சரி பண்ணுவதா என்று ஊரே இரண்டுபட்டுக் கிடந்தது. டீக்கடையில் அதே பேச்சு, முடி வெட்டுகிற கடையில் அதே பேச்சு. அண்ணன் தம்பி இதனால் முகம் கொடுத்துப் பேசாமல் போன வீடுகூட இருந்தது. மன்றம் போட்ட குழு ஒன்று உட்கார்ந்து எல்லார் சொல்வதையும் கேட்டுவிட்டு முடிவு சொல்லும் என்றார்கள்.

தாளாளருக்கு ஒரே ஆசை. கூட்டம் நடக்கிற மண்டபத்தில் தன் பள்ளிச் சீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் சீருடையில், தலை வாரி, பளிச்சென்று உட்கார்ந்திருக்க வேண்டும். பார்க்கிறவர்கள் கண் கலங்க வேண்டும். ஆனால் கூட்டம் வந்து விழுந்தது எண்ணிக்கை நாளன்று. அவர் இலாகாவில் விசாரித்தார். அதிகாரி சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால்தான் வருவார், மணி அடித்ததும் எண்ணிக்கையை மூடிவிடுவார் என்றார்கள். "அதுக்குள்ள ஓடி வந்துடலாம்" என்று கணக்குப் போட்டார். பேராசை பிடித்தவனுக்கு நேரம் எப்போதும் நிறைய இருப்பதாகத்தான் தோன்றும்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. பிள்ளைகளை முன் வரிசைகளில் உட்கார வைத்துவிட்டு டிரைவரம்மா பின் சுவரில் சாய்ந்து நின்றாள்.

முதலில் மருந்துக் கடைக்காரர் எழுந்தார். "நான் வரியும் கட்டுறேன், பீசும் கட்டுறேன். ஒரே பிள்ளைக்கு ரெண்டு தடவை கட்டுறேன். கட்டின பீசை வரியில கழிச்சுக் குடுங்க. நான் தர்மம் கேக்கல, என் காசைத்தான் கேக்கறேன்."

அடுத்து தெருக்கோடி அரசுப் பள்ளியின் தலைமை ஆசிரியை. "எங்க கூரை ஒழுகுது. கூரைக்குப் பணம் கேட்டா சீட்டுக்குப் போயிடுச்சுங்கறாங்க. ஒழுகுற பள்ளிக்கூடம் மோசம்னு சொல்லி இன்னும் நாலு பேருக்குச் சீட்டு குடுக்கறாங்க. நாங்க எப்பதான் நல்லா ஆகறது?"

பிறகு ஒரு இளவயதுத் தகப்பன், மூட்டை தூக்குகிறவர். "எனக்குப் பெரிய பேச்சு தெரியாது. என் பையன் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தப்புறம்தான் வீட்ல பாடத்தைப் பத்திப் பேசறான். அதைப் பிடுங்கிடாதீங்க" என்று உட்கார்ந்துவிட்டார்.

டிரைவரம்மாவுக்கு யார் பேசினாலும் நியாயமாகத்தான் பட்டது. அதுதான் எரிச்சலாக இருந்தது. ஒரு ஆளையாவது மனதாரத் திட்டலாம் என்றால் முடியவில்லை.

அந்தக் குறை தீரத் தாளாளர் மைக்கைப் பிடித்தார். குரலைத் தழைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"சீட்டோட வந்த ஒரு பிள்ளையைக்கூட நாங்க வெளிய அனுப்பினதில்ல. எங்களுக்கு எல்லாப் பிள்ளையும் ஒண்ணுதான். அதோ பின்னால நிக்கறாங்களே, எங்க பஸ் ஓட்டுற அம்மா, அவங்க பொண்ணே எங்ககிட்ட படிச்சவதான். டிரைவரம்மா, கொஞ்சம் முன்னால வாங்க. எல்லாரும் பாக்கட்டும்."

எல்லாத் தலையும் திரும்பியது. அவள் சுவரை விட்டு நகரவில்லை. யாரோ வழிவிட்டு, யாரோ முதுகில் கைவைத்து, முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கைதட்டல்.

தலைமை ஆசிரியை உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார். "அந்தப் பொண்ணு இப்ப எங்க படிக்கறா? எங்க பள்ளிக்கூடத்துலதானே படிக்கறா?"

தாளாளரின் முகம் கொஞ்சமும் மாறவில்லை. "அவங்களா விருப்பப்பட்டு மாத்திக்கிட்டாங்க. கையெழுத்து இருக்கு. பெத்தவங்களுக்கு எந்தப் பள்ளி வேணும்னு பாத்து எடுக்கற சுதந்திரம் வேணும்னுதானே நாம எல்லாரும் இங்க பேசிக்கிட்டு இருக்கோம்?"

மண்டபம் சிரித்து இன்னொரு தடவை கைதட்டியது. குழுத் தலைவி கண்ணாடியை இறக்கி டிரைவரம்மாவைப் பார்த்தார். "அப்படியாம்மா? நீங்களா போட்ட கையெழுத்துதானா?"

சொல்லியிருக்கலாம். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்கலாம். ஆனால் கையெழுத்து அவளுடையது. வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் என்றும் தெரிந்தது. அழுதால் அதற்கும் கைதட்டுவார்கள்.

"ஆமாங்க" என்றாள். "நான் போட்ட கையெழுத்துதான்."

திரும்பிப் போய்ச் சுவரோரம் நின்றாள். உடம்பில் இருந்த சூடெல்லாம் இறங்கி ஒரே அமைதியாக இருந்தது. முன் வரிசைகளைப் பார்த்தாள். பச்சை பஸ் பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். பள்ளியில் ஒரு சீட்டுப் பிள்ளைகூட இல்லை. அத்தனை பேரும் திரும்பிப் போக வேண்டியது ஒரே பஸ்ஸில். தன் பஸ்ஸில். வெள்ளை பஸ்களில் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து ஏற்றியிருந்தால் இப்படி ஆகியிருக்குமா? அவரே ஒதுக்கி, அவரே ஒன்றாக மூட்டை கட்டி, கொண்டுவந்து அவள் கையில் கொடுத்திருக்கிறார். டிரைவரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

கைதட்டல் கேட்ட மயக்கத்தில் தாளாளர் மறுபடியும் மைக் வாங்கினார். மருந்துக் கடைக்காரருக்குப் பதில் சொன்னார், தலைமை ஆசிரியைக்கு அறிவுரை சொன்னார், தன் சின்ன வயதுக் கஷ்டத்தைச் சொன்னார். உட்கார்ந்தவர் ஒரு விஷயம் விட்டுப்போச்சு என்று திரும்பவும் எழுந்தார். கடைசியாகக் கடிகாரத்தைப் பார்த்தபோதுதான் அவருக்கு வேர்த்தது. வாசலில் டிரைவரம்மாவைத் தேடிப் பிடித்தார்.

"நேரா பள்ளிக்கூடம். எங்கயும் நிக்கக்கூடாது. நான் முன்னால போயி அந்த அதிகாரியைப் பிடிச்சு வச்சுக்கறேன்." கூட வந்த டீச்சரையும், வகுப்பைத் தயார் செய்ய வேண்டும் என்று தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு பறந்தார்.

டிரைவரம்மா ஏறி உட்கார்ந்தாள். முதல் தடவையாகத் தலையை நிமிர்த்திக் கண்ணாடிக்கு மேலே இருந்த அட்டையை மேலிருந்து கீழ்வரைக்கும் ஆசை தீரப் படித்தாள். யார் எழுதினாரோ, நன்றாகத்தான் எழுதியிருந்தார்.

"எல்லாரும் பெல்ட் போட்டாச்சா?"

"நாம எப்பவும் போடறதில்லையே ஆன்ட்டி" என்றாள் வாயாடி.

"இன்னைலேருந்து போடறோம்."

பெல்ட் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே நேரம் ஆயிற்று. பாதி இருக்கைக்கடியில் கிடந்தது. சிலதில் கொக்கி துருப்பிடித்திருந்தது. அவளே எழுந்து வரிசை வரிசையாகப் போய்க் குனிந்து மாட்டிவிட்டாள். மாட்டாததை எண்ணெய் தடவி மாட்டினாள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பிறகுதான் வண்டி நகர்ந்தது.

நகர்ந்தது என்றால் நகர்ந்தது. சைக்கிள்காரன் முந்திப் போனான். தள்ளுவண்டிக்காரர் ஒருவர் பின்னால் வந்து, கூடவே நடந்து, என்னம்மா வண்டியில் கோளாறா என்று விசாரித்தார். பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. கடைசி இருக்கையில் ஒரு பொடியனுக்கு ஒன்றுக்கு வந்தது. பிள்ளைக்கு அவசரம் என்றால் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்த வேண்டும் என்று அட்டையில் இருந்தது. பெட்ரோல் பங்கில் நிறுத்தினாள். ஒருவனைப் பார்த்து எல்லாருக்கும் வந்துவிட்டது. எல்லாரும் போய், எல்லாரும் கைகழுவி, எல்லாரும் ஏறி, மறுபடியும் எல்லாருக்கும் பெல்ட்.

ரயில்வே கேட்டுக்கு வந்தபோது கேட் மூடியிருந்தது. வழக்கமாக இந்த நேரத்தில் அவள் மேம்பாலத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடுவாள். அட்டையில் அனுமதித்த பாதையில் மட்டுமே செல்ல வேண்டும் என்று இருந்தது. இன்ஜினை அணைத்துவிட்டு, பிள்ளைகளைப் பாட்டுப் பாடச் சொன்னாள்.

போன் அடித்தது. வண்டிதான் நிற்கிறதே, எடுக்கலாம். எடுத்து ஸ்பீக்கரில் போட்டு முன்னால் வைத்தாள்.

"எங்கம்மா இருக்கே?" தாளாளரின் குரல் கிழிந்தது.

"ரயில்வே கேட்டுல சார். கேட் போட்டிருக்கு."

"மேம்பாலத்துல வர வேண்டியதுதானே? அந்த அதிகாரி வந்து உக்காந்திருக்கா. மணி அடிச்சா மூடிட்டுப் போயிடுவேங்கறா. காப்பி குடுத்தா குடிக்க மாட்டேங்கறா."

"மேம்பாலம் நம்ம பாதையில இல்லையே சார். அட்டையில நீங்கதான் போட்டிருக்கீங்க."

புரிந்துவிட்டது ஆளுக்கு. பள்ளி நடத்துகிறவரல்லவா, சட்டென்று புரிந்துகொண்டார். அடுத்து வந்த குரல் வேறு குரல். அந்த ஏசி அறையில் கேட்ட வெல்லக் குரல்.

"இந்தா பாரும்மா. உன் மனசுல என்ன இருக்குன்னு தெரியுது. பாப்பா விஷயம்தானே? நாளைக்கே சேத்துக்கறேன். படிக்கிறதுக்குத் தனியா டீச்சர் போடறேன். பெயில், கியில் பேச்சே கிடையாது. கடைசி வகுப்பு வரைக்கும் நான் பொறுப்பு. கேட்டைத் தொறந்ததும் அழுத்திக்கிட்டு வந்துடு. வந்துடுவேதானே? அம்மா, உன்னைத்தான் கெஞ்சிக் கேக்கறேன்."

எத்தனை மாதம் அந்த வார்த்தைக்காக ஏங்கியிருப்பாள்? சிட்டுவைச் சேர்த்துக்கொள்கிறேன் என்று அந்த வாய் சொல்லாதா என்று எத்தனை நாள் அவர் கார் பக்கம் போய் நின்றிருப்பாள்? இப்போது அது தட்டில் வைத்து முன்னால் வந்திருக்கிறது. கேட் திறந்தால், மேம்பாலம் போகாமலே, அவள் மனது வைத்தால் மணி அடிப்பதற்குள் போய்விடலாம். ஒரு நிமிஷம் பிள்ளை முகம் கண்ணுக்குள் வந்தது. அடுத்த நிமிஷம் மண்டபத்தில் கைதட்டல் கேட்டது. அந்த ஆள் கெஞ்சுகிற குரல் காதுக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்று சொல்லி முடியாது. பல நாள் பட்டினி கிடந்தவள் சோற்றைக் கண்ட மாதிரி இருந்தது.

ரயில் போய் முடிந்தது. கேட் மேலே எழும்பியது.

"கேட் தொறந்துட்டாங்க சார்" என்றாள். "வண்டி ஓடும்போது போன் பேசக்கூடாது. பேசினா வேலை போயிடும்."

துண்டித்துவிட்டு, வண்டியைக் கிளப்பி, தண்டவாளத்தைத் தாண்டி, முன்னால் போன மாட்டு வண்டியை முந்தாமல் அதன் பின்னாலேயே போனாள்.

பள்ளிக்குள் நுழைந்தபோது சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்திருந்தது. இலாகா ஜீப் எதிரே வந்து ஒதுங்கி வழிவிட்டது. உள்ளே இருந்த அதிகாரி சின்னப் பெண். பஸ்ஸில் இருந்த பிள்ளைகளை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டே போனார். வாட்ச்மேன் ஓடி வந்து, "டிரைவரம்மா, வெறும் பெஞ்சை எண்ணிட்டுப் போச்சு அந்தப் பொண்ணு. முட்டை போட்டுட்டுப் போயிடுச்சு" என்றான். அவனுக்கும் உள்ளூர ஏதோ சந்தோஷம் இருந்திருக்க வேண்டும், பல் தெரிந்தது.

தாளாளர் படியில் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. டிரைவரம்மா கதவைத் திறந்து பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கைப்பிடித்து இறக்கினாள். அதுவும் அட்டையில் இருந்தது. முதலில் இறங்கிய வாயாடி எதையும் கேட்க நிற்காமல் சாப்பாட்டுக்கு ஓடிவிட்டாள்.

"சாவியைக் குடு" என்றார். "இனிமே இந்த வாசல்ல கால் வைக்காதே."

"சரிங்க சார். ஆனா நீங்க துரத்தினதா இருக்க வேணாம். நானா விருப்பப்பட்டுப் போனதா ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்துடறேன். உங்களுக்கும் கௌரவம், எனக்கும் கௌரவம்."

அவர் பிள்ளைகள் பக்கம் கையை நீட்டினார். "இதுங்களை நான் எந்தப் பணத்துல வச்சுக்கறது? இந்த வருஷத்தோட பச்சை பஸ்ஸும் கிடையாது, சீட்டும் கிடையாது. போயி உங்க ஜனங்ககிட்ட நீயே சொல்லிக்கோ."

மூட்டை தூக்குகிறவரின் பையன் அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தான். "ஆன்ட்டி, சாயங்காலம் யாரு ஓட்டுவாங்க?" என்று கேட்டான். அவளுக்குச் சுருக்கென்றது. இந்தப் பிள்ளைகளை அவள் ஒரு கணம்கூட நினைக்கவில்லை என்பதுதான் உண்மை. "யாராவது ஓட்டுவாங்கடா கண்ணு. உள்ள போ" என்றாள். மேலே இலாகாவுக்கு மனுப் போடுவார், பணம் வாங்கிவிடுவார், அவருக்குத் தெரியாத ஆளா என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, சாவியைப் படியில் வைத்துவிட்டு நடந்தாள்.

வீட்டுக்கு உடனே போகவில்லை. ஊரை ஒரு சுற்றுச் சுற்றினாள். பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்தாள். காப்பி குடுத்தா குடிக்க மாட்டேங்கறா என்று தாளாளர் புலம்பியதைத் தனியாகச் சொல்லிப் பார்த்துச் சிரித்தாள். எதிரே வந்தவன் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான். வேலை போய்விட்டது, போகட்டும். டிரைவருக்கா வேலை கிடைக்காது? பார்க்கிற கடையெல்லாம் நின்று பார்த்து, சிட்டுவுக்கு ஒரு பெட்டி வர்ணப் பென்சில் வாங்கினாள். வீட்டுக்காரரிடம் எந்த இடத்திலிருந்து ஆரம்பித்துச் சொல்வது, போன் துண்டித்ததை எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே தெருவுக்குள் நுழைந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது.

வாயாடி டிரைவரம்மா வீட்டிலிருந்து குதித்து வெளியே ஓடினாள். போகிற போக்கில், "நான் சொல்லிட்டேன் ஆன்ட்டி" என்று கத்திவிட்டுப் போனாள்.

உள்ளே சிட்டு நடு அறையில் நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பள்ளிச் சீருடையைப் போட்டிருந்தாள். பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்திருக்க வேண்டும். வளர்ந்துவிட்டாள், பாவாடையின் மடிப்பைப் பிரித்து இறக்கிவிட்டிருந்தது. பழைய மடிப்பின் கோடு மட்டும் கொஞ்சம் தெரிந்தது. வீட்டுக்காரர் கையில் இஸ்திரிப் பெட்டியோடு நின்றார். முகமெல்லாம் பல்.

"அவரே கெஞ்சிக் கூப்பிட்டாராமே?" என்றார். "நாளைக்கே சேத்துக்கறேன்னாராம். தனி டீச்சராம். அந்தப் பொண்ணு வந்து சொன்னப்ப என்னால நம்பவே முடியல. நீ சொன்னதைச் செஞ்சுட்டே."

"ஷூதான் கொஞ்சம் கடிக்குதும்மா" என்றாள் சிட்டு. "பரவாயில்ல, நடந்தா சரியாயிடும். அறிவியல் நோட்டு வாயாடிகிட்ட வாங்கிட்டேன். நாளைக்கு எத்தனை மணிக்கு பஸ்?"

டிரைவரம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். பிள்ளையிடம் பொய் சொல்லலாமா என்று நினைத்தாள். எத்தனை நாளைக்குச் சொல்வது? வர்ணப் பென்சில் பெட்டியை ஜன்னலோரம் வைத்தாள்.

"கேட்டாரும்மா, நெஜந்தான். நான்தான் வேண்டாம்னு போனை வச்சுட்டேன்."

வீட்டுக்காரர் இஸ்திரிப் பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

சிட்டுவுக்கு முதலில் விளங்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள், திரும்ப அம்மாவைப் பார்த்தாள்.

"யாருக்கு வேண்டாம்னு சொன்னே?"

"அந்த ஆளு நம்மள எவ்வளவு அவமானப்படுத்தினான் தெரியுமா? அத்தனை பேரு முன்னாலயும்..."

"அது இல்லம்மா. யாருக்கு வேண்டாம்னு சொன்னே?"

சிட்டு தரையில் உட்கார்ந்து ஷூவின் நாடாவை அவிழ்த்தாள். கால் வளர்ந்திருந்ததால் ஷூ லேசில் கழன்று வரவில்லை. கழற்றிவிடலாம் என்று தாய் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள். பிள்ளை காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.